சடம் ஏன் எஞ்சிற்று

சடப்பொருளும் எதிர்ச்சடமும் ஒன்றையொன்று தொட்டால் இரண்டும் அழிந்து ஒளியாகிவிடும். பிரபஞ்சத்தின் தொடக்கத்தில் இரண்டும் சரிசமமாக இருந்திருந்தால் இன்று ஒளி மட்டுமே மிஞ்சியிருக்கும். மலையும் ஆறும், கொழுந்தும் அதைக் கிள்ளும் விரலும் இருந்திரா. இன்றுள்ள ஒளித்துணிக்கைகளின் தொகையையும் சடத்தின் தொகையையும் வைத்துக் கணக்கிட்டால், ஆதியில் எதிர்ச்சடம் நூறு கோடி பங்கு என்றால் சடம் நூறு கோடியே ஒரு பங்கு என்ற அளவில் இருந்தது தெரிகிறது. நூறு கோடிக்கு நூறு கோடி அழிந்தது. அந்த ஒன்று எஞ்சிற்று. கண்ணுக்குத் தெரியும் உலகம் முழுவதும் அந்த ஒன்றால் ஆனது. அது எங்கிருந்து வந்தது என்பது இன்றைய இயற்பியலின் பெருங்கேள்விகளுள் ஒன்று. உலகம் என்ற காரியத்துக்குக் காரணம் எது என்று தொடங்கும் சைவ சித்தாந்தத்துக்கும் இது அந்நியமான கேள்வி அன்று.

இயற்பியல், சைவம் ஆகிய இரண்டு பக்கங்களையும் தொட்டுச் சென்ற மனிதர் ஒருவர் சப்பிரகமுவை மண்ணில் நடந்திருக்கிறார். இரத்தினபுரியிலிருந்து பெல்மதுளை வழியாகப் பலாங்கொடைக்குப் போகும் பாதை நெடுகிலும் தோட்டங்களுக்கு இடையே, வயலோரங்களிலும் ஆற்றுப் படுகைகளிலும் மாணிக்கக் குழிகள் உண்டு. குழியின் அடியில் வரும் சரளைப் படைக்கு இல்லம் என்று பெயர். அதை அள்ளிக் கூடையில் அலசும்போது நீலமும் புஷ்பராகமும் அகப்படுவதுண்டு. கூடவே கறுத்த, கனமான சிறு கனசதுர மணிகளும் அகப்படுவதுண்டு. 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் அளவைப் பகுதியின் முதல் இயக்குநராக இருந்த ஆனந்த குமாரசாமி, பலாங்கொடைப் பக்கத்தில் கிடைத்த அந்தக் கறுப்பு மணிகளை 1904இல் ஆராய்ச்சிக்கு எடுத்தார். முதலில் யுரேனியக் கனியம் என்றே கருதப்பட்டது. பகுத்துப் பார்த்தபோது பெரும்பகுதி தோரியம் என்று தெரிந்ததால் தோரியனைற்று என்ற புதுப் பெயர் வந்தது. சேர் முத்து குமாரசாமியின் மகனான இவரே பின்னாளில் கலை வரலாற்றாசிரியராகி, 1918இல் வெளிவந்த சிவ நடனம் பற்றிய நூலால் நடராச வடிவத்தின் பொருளை உலகுக்கு எடுத்துச் சொன்னார். 2004 ஜூன் 18 அன்று ஜெனீவாவை அடுத்த சேர்ன் ஆய்வுகூடத்தில், இந்திய அரசின் அன்பளிப்பாக இரண்டு மீற்றர் உயர நடராசர் சிலை நிறுவப்பட்டபோது, அதன் அருகிலுள்ள பலகையில் குமாரசாமியின் சொற்களும் பொறிக்கப்பட்டன. சடத்துக்கும் எதிர்ச்சடத்துக்கும் உள்ள வேறுபாட்டை அளக்கும் கருவிகளுள் ஒன்று இயங்குவதும் அதே ஆய்வுகூடத்தில்தான்.

அந்தக் கறுப்பு மணிக்குள் நடப்பதைப் பார்த்தால் இந்தப் பொருள் முழுவதற்கும் வழி திறக்கிறது. தோரியம் கதிர்த்தொழிற்பாடு உள்ள மூலகம். அதன் அரைவாழ்வுக் காலம் ஏறக்குறைய 1,400 கோடி ஆண்டு; பிரபஞ்சத்தின் வயதோ 1,380 கோடி ஆண்டு. ஒரு தோரிய அணு படிப்படியாகச் சிதைந்து ஈயமாகி நிலைபெறும் வரை ஆறு அல்பாத் துணிக்கைகளையும் நான்கு பீற்றாத் துணிக்கைகளையும் வெளியிடுகிறது. ஒவ்வொரு பீற்றாச் சிதைவிலும் நியூத்திரன் ஒன்று புரோத்தனாக மாறுகிறது. இன்னும் உள்ளே போனால், அவற்றை ஆக்கியிருக்கும் குவார்க்குகளில் கீழ்க் குவார்க் ஒன்று மேல் குவார்க்காக மாறுகிறது. ஓர் இலத்திரனும் ஓர் எதிர்நியூத்திரினோவும் பிறந்து வெளியேறுகின்றன. குவார்க்கின் வகைமாற்றமும் நியூத்திரினோவின் பிறப்பும் சப்பிரகமுவைச் சரளையில் கிடக்கும் ஒரு மணிக்குள் ஓயாமல் நடக்கின்றன.

இலங்கைத் தோரியனைற்றைக் கொண்டுதான் 1905இல் இலண்டனில் வில்லியம் ராம்சேயின் ஆய்வுகூடத்தில் ஒட்டோ ஹான் கதிர்த்தோரியத்தைக் கண்டுபிடித்தார். அவரும் லீசே மைட்னரும் பின்னர் பேர்லினில் பீற்றாக் கதிர்களை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார்கள். 1914இல் ஜேம்ஸ் சாட்விக் பீற்றாத் துணிக்கைகளின் சக்தி ஒரே அளவாக இல்லை, தொடர்ச்சியாகப் பரவியிருக்கிறது என்று காட்டினார். சக்தியில் ஒரு பகுதி காணாமல் போகிறது என்பது அதன் பொருள். காணாமற்போனதை எடுத்துச் செல்லும் ஒரு துணிக்கை இருக்க வேண்டும் என்று 1930இல் வூல்ப்காங் பவுளி முன்மொழிந்தார். இல்லாமற் போவது இல்லை என்ற உறுதியே அந்தத் துணிக்கையைத் தேட வைத்தது. 1956இல் ரெய்ன்ஸும் கோவனும் கண்ட அந்தத் துணிக்கையே நியூத்திரினோ.

குவார்க்குகள் ஆறு; இவ்விரண்டாக மூன்று தலைமுறை. இலத்திரன் குடும்பமும் அப்படியே: இலத்திரன், மியூவன், தௌ என்ற மூன்றும், அவை ஒவ்வொன்றுக்கும் துணையான நியூத்திரினோவும். இந்த வகைகளை இயற்பியலாளர் சுவை என்று அழைக்கிறார்கள். பெல்மதுளைக்காரருக்கு உடனே தோன்றக்கூடிய உவமை ஒன்று உண்டு. குருந்தக் கல் தூய்மையாக இருந்தால் நிறமற்றது. குரோமியம் சிறிது கலந்தால் சிவப்பு மாணிக்கம், இரும்பும் தைத்தேனியமும் கலந்தால் நீலம். மியூவனும் அதுபோல எதுவோ கலந்த இலத்திரன்தானா? இல்லை. மியூவனுக்குள் வேறு எதுவும் கலந்திருப்பதாக எந்தச் சோதனையிலும் தெரியவில்லை. ஏற்றம் ஒன்றே, தற்சுழற்சி ஒன்றே, விசைகளுக்கு ஆட்படும் முறையும் ஒன்றே. திணிவு மட்டும் இலத்திரனைப்போல் 207 மடங்கு. ஒரே பாடத்தை மூன்று தடவை எழுதி, திணிவை மட்டும் மாற்றியது போன்ற நிலை இது.

திணிவுகளில் ஒழுங்கு எதுவும் தென்படவில்லை. மேல் குவார்க்கின் திணிவு ஏறக்குறைய 2.2 மெகா இலத்திரன்வோற்று; அதன் மூன்றாந் தலைமுறை உறவான உச்சிக் குவார்க்கின் திணிவு அதைப்போல் எண்பதாயிரம் மடங்குக்கு அருகில். அந்த ஒற்றைத் துணிக்கையின் திணிவு ஒரு தங்குதன் அணுவின் திணிவை ஒத்தது. நியூத்திரினோவின் திணிவோ இலத்திரனின் பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவு; ஜெர்மனியின் காட்ரின் சோதனை அதற்கு விதித்துள்ள மேலெல்லை 0.45 இலத்திரன்வோற்று. முதல் தலைமுறையில் மட்டும் கீழ்க் குவார்க் மேல் குவார்க்கைவிடக் கனமானது. மற்ற இரண்டு தலைமுறைகளில் நிலைமை தலைகீழ். அந்தச் சிறு வேறுபாட்டால்தான் நியூத்திரன் புரோத்தனைவிடச் சற்றுக் கனமாக இருக்கிறது. மாறி அமைந்திருந்தால் புரோத்தன் சிதைந்திருக்கும். ஐதரசன் இராது, நீரும் இராது. உலகம் நிற்பது இப்படிப்பட்ட எண்களின் மேல். அந்த எண்கள் ஏன் அவை என்று சொல்லும் கோட்பாடு இன்னும் பிறக்கவில்லை. அவற்றை அளந்து எழுதிக்கொள்ள முடிகிறதே ஒழிய, வருவிக்க முடியவில்லை.

கலப்பு என்பது இதற்கு அடுத்த படி. நியூத்திரினோ பிறக்கும்போது ஒரு சுவையோடு பிறக்கிறது: இலத்திரனுடன் சேர்ந்து பிறந்தால் இலத்திரன் நியூத்திரினோ. பறக்கும்போதோ அது திணிவின் வழியே நடக்கிறது. இந்த இரண்டு கணக்கும் ஒன்றுக்கொன்று பொருந்துவதில்லை. இலத்திரன் நியூத்திரினோ என்பது முதல் திணிவு நிலையில் நூற்றுக்கு 68 அளவும், இரண்டாவதில் 30 அளவும், மூன்றாவதில் 2 அளவும் கலந்த ஒன்று. மூன்றும் வெவ்வேறு கதியில் தாளம் போடுவதால், போகப்போகச் சுவை மாறுகிறது. சூரியனிலிருந்து வரும் இலத்திரன் நியூத்திரினோக்களில் மூன்றில் ஒரு பங்கே பூமியில் பிடிபடுவது ஏன் என்ற புதிருக்கு இதுதான் விடை. 1998இல் ஜப்பானின் சூப்பர்-கமியோகாண்டேயும், 2001-2002இல் கனடாவின் சட்பரி ஆய்வகமும் இதை உறுதிசெய்தன. நியூத்திரினோவுக்குத் திணிவு உண்டு என்பதும் அப்போதுதான் நிலைபெற்றது.

அப்படியானால் அது உண்மையில் எது? சுவையா, திணிவா? இது தத்துவக் கேள்வி. சிவனொளிபாதமலை உச்சியிலுள்ள ஒரே பாதச் சுவட்டைச் சைவர் சிவன் பாதம் என்றும், பௌத்தர் புத்தர் பாதம் என்றும், முஸ்லிம்கள் ஆதம் நபியின் பாதம் என்றும் போற்றுகிறார்கள். ஒவ்வோர் ஆண்டும் திசம்பர்ப் போயாவையொட்டி யாத்திரைக் காலம் தொடங்கும்போது, தாதுப் பேழையும் சமன் தெய்வத்தின் உருவமும் மலைக்குப் புறப்படுவது பெல்மதுளைக் கல்பொத்தாவெல விகாரையிலிருந்து. ஒன்றுக்குப் பல பெயர் என்ற இந்தக் காட்சியை நியூத்திரினோவுக்கு உவமையாகச் சொல்லிவிட ஆசை வரும். ஆனால் உவமை பொருந்தாது. சுவட்டுக்குப் பெயரிடுவது காண்பவரின் நம்பிக்கை. பெயர் மாறினால் சுவடு மாறாது. சுவையும் திணிவுமோ காண்பவர் இட்ட பெயர்கள் அல்ல. இரண்டும் இயற்கையே கேட்கும் இரண்டு கேள்விகள்: விசை கேட்பது சுவையை, பயணம் கேட்பது திணிவை. ஒன்றுக்குத் திட்டமான விடை இருக்கும்போது மற்றதற்குத் திட்டமான விடை இருக்க முடியாது. பொருளுக்கு ஒரே ஒரு சுபாவம்தான் இருக்க வேண்டும் என்ற பழைய எதிர்பார்ப்பை, கீழை நாட்டுத் தருக்கமானாலும் மேலை நாட்டுத் தருக்கமானாலும், இங்கே தளர்த்தியே ஆக வேண்டும்.

குவார்க்குகளும் கலக்கின்றன, ஆனால் மிகச் சிக்கனமாக. முதல் இரண்டு தலைமுறைகளுக்கு இடையே நூற்றுக்கு ஐந்தளவு, மற்றவற்றுக்கிடையே அதைவிட மிகக் குறைவு. நியூத்திரினோக்கள் தாராளமாகக் கலக்கின்றன. இந்த வேறுபாட்டுக்கும் காரணம் தெரியாது.

பெயரா பொருளா என்ற கேள்வி சி.பி. மீறலில்தான் கூர்மையடைகிறது. சடம், எதிர்ச்சடம் என்பவை வெறும் பெயர்கள்தாமே, எதிர்ச்சடத்தால் ஆன உலகம் இருந்தால் அங்குள்ளவர்கள் தம்மையே சடம் என்று அழைப்பார்களே என்று கேட்கலாம். வலமும் இடமும் வழக்கு என்பது போல இதுவும் வழக்கு என்றே நெடுங்காலம் எண்ணப்பட்டது. 1957இல் சியென்-சியுங் வூ கோபாற்று அணுக்களைக் கொண்டு நடத்திய சோதனை, இயற்கை இடத்தையும் வலத்தையும் ஒன்றாக நடத்தவில்லை என்று காட்டியது. அப்போதும் ஒரு சமாதானம் இருந்தது: கண்ணாடியில் பார்த்து, கூடவே சடத்தை எதிர்ச்சடமாகவும் மாற்றினால் சமநிலை திரும்பிவிடும். ஏற்றத்தையும் இடவலத்தையும் சேர்த்து மாற்றும் அந்த இரட்டை மாற்றமே சி.பி. அந்தச் சமாதானமும் 1964இல் உடைந்தது. குரோனினும் ஃபிச்சும் அவர்களுடன் உழைத்தவர்களும், நீண்டகாலக் கேயோன் என்ற நிலையற்ற துணிக்கைகளில் ஆயிரத்துக்கு ஏறக்குறைய இரண்டு, செய்யக்கூடாத முறையில் இரண்டு பையோன்களாகச் சிதைவதைக் கண்டார்கள்.

இந்தக் கேயோன் இலத்திரனைத் தரும் தடவைகளைவிட அதன் எதிர்த்துணிக்கையான பொசித்திரனைத் தரும் தடவைகள் சிறிதளவு கூடுதல். வேறுபாடு ஆயிரத்துக்கு மூன்று அளவு. ஆகவே எந்தத் தொலைவிலுள்ள அறிவுள்ள உயிருக்கும், கேயோன் அதிகம் தருவது எதுவோ அதற்கு எதிரானது எங்கள் அணுவைச் சூழ்ந்திருக்கிறது என்று சொல்லி, இவ்வுலகம் எதனால் ஆனது என்பதை ஐயமின்றி அறிவிக்கலாம். சடம் என்பது பெயர் மட்டும் அன்று. இந்த ஒரு முடிவு தத்துவத்துக்குத் தரும் கொடை மிகப் பெரியது. பெயரெல்லாம் நீங்கிய பிறகும் நிற்கும் வேறுபாடு எது என்று கேட்பவர்களுக்கு, அளந்து காட்டக்கூடிய ஒன்று கிடைத்தது.

1973இல் கோபயாஷியும் மஸ்காவாவும் காட்டியதும் இதே தன்மையுடையது. குவார்க்குக் கலப்பை எழுதும் தாயத்தில் சில அவத்தைக் கோணங்கள் வரும். இரண்டு தலைமுறை மட்டும் இருந்தால் அவை அனைத்தையும் குவார்க்குகளுக்குப் பெயரிடும் முறையை மாற்றியே அழித்துவிடலாம். மூன்று தலைமுறை இருந்தால், எப்படிப் பெயரிட்டாலும் ஒரு கோணம் அழியாமல் நிற்கும். அதுவே சி.பி. மீறலின் ஊற்று. அப்போது அறியப்பட்டிருந்த குவார்க்குகள் மூன்று மட்டுமே. மூன்றாந் தலைமுறையின் இரண்டும் 1977இலும் 1995இலும் கண்டுபிடிக்கப்பட்டன. அந்தக் கோணம் ஏறக்குறைய 66 பாகை என்று இன்று அளந்திருக்கிறார்கள். 2025இல் சேர்னின் எல்.எச்.சி.பி. குழு, புரோத்தனைப்போல மூன்று குவார்க்குகளால் ஆன துணிக்கை ஒன்றிலும் இந்த மீறலை முதன்முறையாகக் கண்டதை அறிவித்தது.

இனி காரணக் கேள்வி. பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் அருளிய சிவஞானபோதம் பன்னிரண்டு சூத்திரம் கொண்டது. தோன்றி நின்று ஒடுங்கும் உலகம் ஒரு காரியம், ஆகவே அதற்குக் காரணம் வேண்டும் என்பது முதற் சூத்திரத்தின் வாதம். அதன் அடித்தளம் சற்காரியவாதம்: காரணத்தில் இல்லாதது காரியத்தில் வராது. குடத்துக்கு மண் முதற்காரணம், தண்டசக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம். உலகத்துக்கு மாயையும் சத்தியும் சிவமும் அப்படி.

1967இல் ஆந்திரே சகாரோவ் எழுதிய சிறு கட்டுரையைச் சற்காரியவாதம் கற்ற ஒருவர் படித்தால் வாதத்தின் போக்கு பழகியதாகத் தோன்றும். சமமானதிலிருந்து சமமற்றது வர வேண்டுமானால், அதற்கு இடந்தரும் ஏதோ ஒன்று முன்பே இருந்திருக்க வேண்டும். அவர் மூன்று நிபந்தனை வைத்தார்: சடத்தின் நிகரத் தொகை மாறக்கூடியதாக இருத்தல்; ஏற்றச் சமச்சீரும் சி.பி. சமச்சீரும் மீறப்படுதல், பிரபஞ்சம் வெப்பச் சமநிலையிலிருந்து விலகிய தருணம் ஒன்று இருத்தல். எஞ்சிய அந்த ஒன்று ஆதியிலேயே பொருளில் கூடுதலாக இருந்தது என்று கொள்வது ஒரு வழி. ஆதியில் பிரபஞ்சம் அதிவேகமாக விரிந்தது என்றால் அந்த மிகுதி ஒன்றுமில்லாத அளவுக்கு நீர்த்துப் போயிருக்கும் என்பதால், மிகுதியைப் பொருளில் வைக்காமல் விதியில் வைப்பதே இன்று பெரும்பாலோர் கொள்ளும் வழி. மண்ணில் இல்லை, சக்கரத்தின் சுழற்சியில் இருக்கிறது என்று குடத்தின் மொழியில் சொல்லலாம்.

இந்த ஒப்புமை அதற்கு மேல் போகாது. சித்தாந்தம் சொல்லும் தத்துவங்கள் முப்பத்தாறு. குவார்க்கும் நியூத்திரினோவும் அவற்றுக்குள் எங்காவது வைக்கப்படுமானால், அடிப்படியிலுள்ள ஐம்பூதங்களுக்குள்தான் வைக்கப்பட வேண்டும். மாயையை ஆதிச் சக்தி என்றும் சத்தியைச் சி.பி. மீறல் என்றும் பெயர்த்துச் சொல்வது இரண்டு நூல்களுக்கும் செய்யும் அநீதி. தவிர, இயற்பியல் சற்காரியவாதத்தைக் கட்டாயப்படுத்துவதும் இல்லை. விதி சமமாக இருந்தும், நட்டுவைத்த கோல் ஏதோ ஒரு பக்கம் சாய்வது போல, ஒவ்வோரிடமும் ஒரு பக்கம் சாய்ந்திருக்கலாம். அப்படியானால் சில பகுதிகள் சடமாகவும் சில எதிர்ச்சடமாகவும் அமைந்து, எல்லைகளில் அழிவின் கதிர் வீச வேண்டும். அந்தக் கதிர் காணப்படவில்லை. அந்த வழியைத் தள்ளியது தருக்கம் அன்று. வானத்தைப் பார்த்த பார்வை.

பௌத்தத்தின் பதில் வேறு. உலகம் நிலையானதா, எல்லையுள்ளதா என்ற கேள்விகளுக்குப் புத்தர் விடை கூறாமல் விட்டார். அம்பு தைத்தவன் எய்தவனின் குலம் கேட்டுக்கொண்டிருப்பதில்லை என்ற உவமை அங்கே வருகிறது. துன்பம் தீர்க்கும் மருத்துவத்துக்கு அது தக்க பதில்தான். எனினும் குயவனைத் தேடும் சித்தாந்தியும் கோணத்தை அளக்கும் விஞ்ஞானியும் அந்த மௌனத்தில் நிற்க முடியாது.

குவார்க்குகளின் 66 பாகைக் கோணம் உலகத்தை விளக்கப் போதாது. அது தரக்கூடிய மிகுதி, தேவையானதைவிடப் பல கோடி மடங்கு சிறியது. ஆகவே பார்வை நியூத்திரினோவின் பக்கம் திரும்பியிருக்கிறது. ஆதியில் மிகக் கனமான நியூத்திரினோக்கள் இருந்து, சிதையும்போது ஒரு பக்கம் சாய்ந்து, அந்தச் சாய்வு பின்னர் சடத்தின் மிகுதியாக மாறியிருக்கலாம் என்று 1986இல் ஃபுகுகிதாவும் யனகிதாவும் முன்மொழிந்தார்கள். அதற்கு நியூத்திரினோவும் எதிர்நியூத்திரினோவும் ஒன்றே என்று தெரிய வேண்டும். நியூத்திரினோக் கலப்பிலும் சி.பி. மீறல் தெரிந்தால் இந்த விளக்கத்துக்கு வலுக் கூடும். இரண்டும் இன்னும் முடிவாகவில்லை.

தமிழர் வாழும் நிலத்திலும் இந்தத் தேடலுக்கு இடம் குறிக்கப்பட்டது. கோலார் தங்கவயலின் ஆழத்தில் 1965இல் வளிமண்டல நியூத்திரினோக்கள் பதிவாயின. அந்த ஊரின் சுரங்கத் தொழிலாளரில் தமிழர் ஏராளம். அந்தச் சோதனையின் வழித்தோன்றலாகத் தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தில் 50,000 தொன் காந்த இரும்புக் கருவியுடன் ஓர் ஆய்வகம் கட்ட 2015இல் இந்திய அரசு அனுமதித்தது. மூன்று திணிவுகளின் வரிசை எது என்பதைக் காண்பது அதன் நோக்கம். எதிர்ப்பு எழுந்தது, 2022இல் தமிழ்நாடு அரசு அதை அனுமதிக்க இயலாது என்று உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. மலையையும் காட்டையும் பற்றிய கவலை காது கொடுக்க வேண்டிய கவலை. நியூத்திரினோவே நஞ்சு என்ற அச்சத்துக்கு மட்டும் ஆதாரம் இல்லை. பெல்மதுளையின் மண் அதன் எதிர்த்துணிக்கையை ஒவ்வொரு கணமும் வெளியிட்டுக்கொண்டேதான் இருக்கிறது.

விளங்காத எண்களின் இடத்தில் இறைவனை வைத்துவிடும் வழக்கம் பக்தர்களிடையே உண்டு. திணிவுக்குக் காரணம் தெரியவில்லை, கோணத்துக்குக் காரணம் தெரியவில்லை, ஆகவே அங்கே சிவன் செயல் என்பது அந்த வாதம். சித்தாந்தத்தின் உள்ளிருந்து பார்த்தாலே இது தவறு. குடத்தைக் கண்டு குயவனை அனுமானிப்பவர், சக்கரம் என்ன வேகத்தில் சுழன்றது என்று தெரியாததால் அனுமானிப்பதில்லை. குடம் காரியம் என்பதால் அனுமானிக்கிறார். நாளை ஒருவர் அந்த 66 பாகையை ஓர் எளிய விதியிலிருந்து வருவித்துக் காட்டினால் குயவன் இல்லாமற் போவதில்லை. ஒருபோதும் காட்ட முடியாவிட்டால் குயவன் நிரூபிக்கப்படுவதும் இல்லை. சேர்னில் நிற்கும் நடராசர் துணிக்கை இயற்பியலை முன்கூட்டிச் சொன்னார் என்பதும் இதே பிழையின் இன்னொரு முகம். குமாரசாமி கனியத்தை அளந்தபோது கனியத்தை மட்டும் அளந்தார். கூத்தைப் பற்றி எழுதியபோது கூத்தைப் பற்றி எழுதினார். இந்தப் பொருளை ஆராயும் தமிழருக்கு அவரே தக்க முன்னோடி.

நியூத்திரினோக் கலப்பின் சி.பி. கோணத்தை அளக்கவென, ஜப்பானின் ஹிடா பகுதியில் ஒரு மலைக்குள் ஏறக்குறைய 2 இலட்சத்து 60 ஆயிரம் தொன் நீர் கொள்ளும் ஹைப்பர்-கமியோகாண்டே கட்டப்பட்டு வருகிறது.